டர்பைன் லொறி நமக்குக் கட்டுப்படியாகுமா? நீங்களே கணக்குப் போடுங்கள்

ஒரு தாள், ஒரு கல்குலேட்டர், உங்கள் லொறியின் டீசல் பற்றுச்சீட்டுகள். இவை போதும். கொழும்பு ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளின் வரவு செலவு பார்ப்பவள் நான். "அக்கா, டர்பைன் ஹைபிரிட் பிரைம் மூவர் வந்தால் டீசல் செலவு பாதியாகிவிடுமாமே" என்று முதலாளிமாரின் பிள்ளைகள் எனக்கு ஓயாமல் வீடியோ அனுப்புகிறார்கள். வீடியோவில் லொறி எப்போதும் வெறுமையான நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறது. நம் கணக்கைத் துறைமுக வாசலில் இருந்து தொடங்க வேண்டும்.

முதலில் பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். கொள்கலன் இழுக்கும் இந்தப் பிரைம் மூவர் லொறியில் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. எரிபொருள் எரிந்து வரும் சூடான வாயுவால் சுழலும் சிறிய டர்பைன் ஒன்று மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அந்த மின்சாரம் பற்றரிக்குப் போகும். சக்கரத்தை இழுப்பது மின்மோட்டார். 2014இல் வால்மார்ட் காட்சிக்கு வைத்த லொறி இந்த வகைதான். 2016இல் நிக்கோலா நிறுவனம் எரிவாயு டர்பைன் லொறி என்று அறிவித்துவிட்டு, அதே ஆண்டிலேயே ஹைட்ரஜனுக்கு மாறியது. 2025இல் வங்குரோத்தானது. ஆகவே பஞ்சிகாவத்தையில் இதற்கு உதிரிப்பாகம் தேட இப்போதே கிளம்ப வேண்டாம்.

இனிக் கணக்கு. ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 அலகு சக்தி இருக்கிறது. மின்பட்டியலில் வரும் அதே அலகுதான். நல்ல டீசல் எஞ்சின் அதில் 4 அலகை வேலையாக மாற்றும். கியர்பெட்டி, அச்சு ஆகியவற்றில் கழிந்தது போகச் சக்கரத்துக்கு 3.6 வரும் என்று எழுதுங்கள். 65 கிலோவாட் அளவிலான சிறு டர்பைன் தரும் மின்சாரம் 2.9 அலகுதான். அதுவும் வெளியேறும் வெப்பத்தைத் திருப்பிப் பயன்படுத்தும் விலையுயர்ந்த வெப்பமாற்றி இருந்தால் மட்டுமே. இல்லாவிட்டால் அதில் பாதி. மோட்டாரைத் தாண்டிச் சக்கரத்துக்கு வருவது 2.6. களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் டீசலில் ஓடும் டர்பைன்களை மலிவான மின்சாரமெல்லாம் போதாமல் போன பிறகே இயக்குகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். போதாக்குறைக்கு, டர்பைனின் சக்தியை 15 பாகை வெப்பத்தில் அளந்து எழுதுகிறார்கள். கொழும்பின் வெயிலில் அது இன்னும் இறங்கும்.

அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? பிரேக்கிலிருந்து. 30 தொன் லொறி 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும்போது அரை அலகு சக்தி வெப்பமாகப் போகிறது. மோட்டார் அதில் 0.3 அலகைப் பற்றரிக்கு மீட்டுத் தரும் என்று வையுங்கள். களனிப் பாலம் தாண்டுவதற்குள் எத்தனை முறை நிற்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

உதாரணத்துக்குத் துறைமுகத்திலிருந்து பியகம போய்வர 45 கிலோமீற்றர் என்று கொள்வோம். லீற்றருக்கு 2.5 கிலோமீற்றர் என்றால் 18 லீற்றர். வரிசையில் இரண்டு மணி நேரம் எஞ்சின் ஓடியபடி நின்றால், மணிக்கு 3 லீற்றர் வீதம் இன்னும் 6. ஆக டீசல் லொறிக்கு 24 லீற்றர்.

டர்பைன் லொறிக்கு, அந்த 18 லீற்றர் சக்கரத்துக்குக் கொடுத்தது 65 அலகு. 40 தடவை நின்று 12 அலகு மீண்டது. வெறும் லொறியாகத் திரும்பும்போது இவ்வளவு மீளாது, ஆனாலும் தாராளமாகவே கொடுத்திருக்கிறேன். மிகுதி 53ஐ 2.6ஆல் வகுத்தால் 20.4 லீற்றர். வரிசையில் செலவு இல்லையென்றே வைப்போம். 3.6 லீற்றர் மிச்சம். பாதிக்குக் கிட்டவும் இல்லை.

இங்கே சற்று நில்லுங்கள். டீசல் லொறிச் சாரதி வரிசையில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினால் என்ன? அவர் செலவு 18ஆக இறங்குகிறது, டர்பைன் தோற்றுவிடுகிறது. வெயிலில் அவரை வேகவைக்கச் சொல்லவில்லை. பற்றரியில் ஓடும் சிறிய குளிரூட்டி ஒன்றைப் பூட்டிக் கொடுங்கள். டர்பைனோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு காலணாவுக்குச் சமம். அடுத்து, டர்பைனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டீசல் மின்பிறப்பாக்கியை வைத்துப் பாருங்கள். லீற்றருக்கு 3.4 அலகு, 53ஐ வகுத்தால் 15.6 லீற்றர். கனடாவில் எடிசன் மோட்டர்ஸ் மரம் ஏற்றும் லொறிகளை இந்த முறையில்தான் செய்கிறது. மிச்சப்படுத்துவது பற்றரியும் மோட்டாரும். பெயரைத் தட்டிக்கொண்டு போவது டர்பைன்.

பணமாக்குவோம். டீசல் 300 ரூபாய் என்றால், எஞ்சினை நிறுத்தாத லொறியோடு ஒப்பிட்டாலும் ஒரு நடைக்கு 1,080 ரூபாய்தான் மிச்சம். சிறு டர்பைன் கிலோவாட்டுக்கு ஆயிரம் டாலருக்குக் குறையாது. 65 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய்; பற்றரியும் வரியும் தனி. நாளுக்கு இரண்டு நடை, வருடத்தில் 300 நாள் என்று ஓட்டினால் டர்பைனின் முதல் மட்டும் திரும்ப முப்பது வருடம் பிடிக்கும். 2022 ஜூனில் டீசல் 460 ரூபாயைத் தொட்டதே, அந்த விலையைப் போட்டாலும் இருபது வருடம்.

மலைநாட்டுக்கு ஓடுபவர்கள் இன்னொரு வரி எழுத வேண்டும். 6 சதவீத ஏற்றத்தில் 30 தொன்னை மணிக்கு 30 கிலோமீற்றரில் இழுக்க 165 கிலோவாட் தேவை. டர்பைன் தருவது 65. குறையும் 100 கிலோவாட்டை 45 அலகுப் பற்றரி கொடுக்க வேண்டும். முழுவதையும் வழித்தெடுக்க முடியாது என்பதால் இருபது நிமிடம் தாங்கும், பத்துக் கிலோமீற்றர். நானுஓயா ஏற்றத்தில் பற்றரி இறங்கிவிட்டால் பின்னால் வரும் பஸ் சாரதிகள் உங்கள் பரம்பரையையே வாழ்த்துவார்கள்.

டர்பைனுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றே தாங்கிப் பிடிக்கச் சுழலும் ஒரே அச்சு. அந்த வகையில் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை. புகை சுத்தம். எரிபொருளில் அதிகம் பேதம் பார்க்காது. குழாயில் மலிவான எரிவாயு வரும் அமெரிக்காவில் குப்பை லொறி ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு வேறு விடை தரலாம். இலங்கையில் லொறிக்கு ஊற்ற அந்த எரிவாயு இல்லை.

யாராவது டர்பைன் லொறி விற்க வந்தால் இரண்டு எண்களை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்: 30 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றருக்குச் சக்கரத்தில் எத்தனை அலகு, பற்றரியை மாற்ற என்ன விலை. முதலாவது எண் 3.6க்குக் கீழே இருந்தால், பிளேன்ரீ ஒன்று கொடுத்து அனுப்பிவிடுங்கள்.