பாட்டு ஆல்பத்துக்குப் பத்திரிகை விளம்பரம்: சதுரத்தை எப்படிப் பக்கமாக்குவது?

ஆல்பம் தயார், மாஸ்டரிங் முடிந்தது, வெளியீட்டுத் தேதியும் முடிவாகிவிட்டது, கையில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது, சரி, ஒரு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், அட்டைப்படத்தைப் பக்கத்தின் நடுவில் ஒட்டி, மேலே ஆல்பத்தின் பெயர், கீழே வரிசையாக லோகோக்கள், ஓரத்தில் தயாரிப்பாளரின் பாஸ்போர்ட் சைஸ் படம், அப்புறம் ஒரு நன்றிப் பட்டியல் என்று நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். சொந்தக்காரர்கள் மட்டும் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடிப் படிப்பார்கள்.

விளம்பரத்தின் வேலை ரொம்பச் சின்னது. பக்கத்தைப் புரட்டுகிற நேரத்தில் ஒரு படமும் ஒரு பெயரும் வாசகர் கண்ணில் பட வேண்டும். இரண்டு நாள் கழித்து போனில் அதே ஆல்பத்தின் குட்டிச் சதுரத்தைப் பார்க்கும்போது "அட, இதை எங்கேயோ பார்த்தோமே" என்று தோன்ற வேண்டும். அவ்வளவுதான். கேட்க வைப்பதும் பிடிக்க வைப்பதும் பாட்டின் பொறுப்பு. இதை ஏற்றுக்கொண்டால் எதை வைப்பது, எதைத் தூக்குவது என்ற சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

முதல் சிக்கல் வடிவம். அட்டைப்படம் சதுரம், பத்திரிகைப் பக்கம் நீளம். ஏ4 பக்கம் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம், அகலம் முழுக்க அட்டைப்படத்தை வைத்தால் 210-க்கு 210 போய்விடும், மீதி 87 மி.மீ. உயரத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் எழுத்தையெல்லாம் அடக்குவது ஒரு வழி. எளிய வழி, பல சமயம் போதுமான வழி. பட்டையின் நிறத்தை அட்டைப்படத்தின் கீழ் ஓரத்திலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தனித்தனி விளம்பரங்களை ஒட்டியதுபோல் இருக்கும்.

இதைவிட நல்ல வழி, அட்டைப்படத்துக்காக எடுத்த புகைப்படத்தின் வெட்டாத மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது. புகைப்படக்காரரிடம் மேலேயும் கீழேயும் இன்னும் கொஞ்சம் வானம், கொஞ்சம் தரை இருக்கும். அதை வைத்துப் படத்தைப் பக்கம் முழுக்க விரிக்கலாம், எழுத்துக்கும் இடம் கிடைக்கும். படம் எடுப்பதற்கு முன்பே "சதுரமாக மட்டும் எடுக்காதீர்கள், பக்கமாகவும் வேண்டும்" என்று சொல்லி வைத்தால் ஒரு செலவும் கிடையாது. பிறகு கேட்டால் கிடைக்காமலும் போகலாம். இன்னொன்று, அட்டைக்கு எடுத்த படத்தை விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று புகைப்படக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டைக்கு மட்டும் என்று பேசிய படத்தைப் பத்திரிகையில் போட்டால் பின்னால் தகராறுதான்.

மூன்றாவது வழி, அட்டையிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்துப் பெரிதாக வைப்பது. 1973-இல் பிங்க் ஃப்ளாய்டு என்ற ராக் குழுவின் ஆல்பத்துக்காக ஹிப்னோசிஸ் என்ற லண்டன் டிசைன் குழு செய்த முப்பட்டகமும் வானவில்லும், 1979-இல் ஜாய் டிவிஷன் என்ற இன்னொரு ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு டிசைனர் பீட்டர் சாவில் வைத்த துடிவிண்மீன் (விட்டுவிட்டு ரேடியோ அலை வீசும் விண்மீன்) அலைக்கோடுகளும் இன்றுவரை சட்டையில், சுவரில், குவளையில் எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம், சதுரத்தை விட்டு வெளியே எடுத்தாலும் அவை அடையாளம் மாறாமல் நிற்பதுதான். உங்கள் அட்டையில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு சைக்கிள், ஒரு ஜன்னல், ஒரு கை. இருந்தால் அதுதான் விளம்பரம். ஆனால் அந்த இரண்டு ஆல்பங்களின் முன்னட்டையிலும் குழுவின் பெயரே கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. அட்டையில் அந்தத் திமிர் அழகு. விளம்பரத்தில் அது செல்லாது. அட்டையில் பெயர் இல்லையென்றால் விளம்பரத்தில் பெயர் தெளிவாக, பெரிதாக இருந்தே ஆக வேண்டும், மூலையில் அசல் அட்டையையும் சின்னதாகக் காட்ட வேண்டும்.

சரி, யார் பெயர் பெரிது, பாடகருடையதா ஆல்பத்துடையதா? ஆங்கிலப் பாடகி அடெலின் 2008, 2011, 2015 ஆல்பங்களுக்குப் பெயர் 19, 21, 25 என்று வெறும் எண்கள், அட்டையில் அவர் முகம். முகமும் பெயரும் தெரிந்தவர்களுக்கு அது போதும், அதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அது கூடுதல்தான். உங்கள் முகம் யாருக்கும் தெரியாது என்றால், முகத்தை மட்டும் பெரிதாகப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. வாசகர் அதை ஜவுளிக்கடை விளம்பரம் என்று நினைத்துப் புரட்டிவிடுவார். அப்போது என்ன மாதிரி இசை என்று சொல்கிற ஒரு வரி வேண்டும். "மனதை வருடும் இன்னிசை விருந்து" என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. அந்த வரியை எந்த ஆல்பத்துக்கும் போடலாம், அதனால் எதற்குமே உதவாது. "பறையும் எலக்ட்ரிக் கிதாரும், எட்டுப் பாட்டு" என்று எழுதினால் வேண்டியவர் நிற்பார், வேண்டாதவர் போவார்.

எழுத்தைக் குறை என்று பொதுவாகச் சொல்வார்கள், நானும் சொல்வேன், ஆனால் கர்நாடக இசைக்கு அது பொருந்தாது. 1983-இல் தொடங்கிய ஸ்ருதி மாதிரி சாஸ்திரிய இசைப் பத்திரிகையைப் படிக்கிற ரசிகர் விளம்பரத்தில் முதலில் தேடுவது பட்டியலைத்தான்: வயலின் யார், மிருதங்கம் யார், கடமா கஞ்சிராவா, என்னென்ன ராகம், யார் கிருதி, ராகம் தானம் பல்லவி என்ற பெரிய உருப்படி எந்த ராகத்தில். அங்கே பட்டியல்தான் சரக்கு. அதைக் குறைத்துவிட்டு மூடுபனியில் கோபுரம் தெரிகிற மாதிரி படத்தை மட்டும் வைத்தால் அவர் கோபித்துக்கொள்வார். கரகரப்ரியா ராகத்தில் பல்லவி இருக்கிறது என்றால் அதைத் தலைப்புக்கு அடுத்த அளவில் போடுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களை ஒரே அளவு எழுத்தில், மேடையில் சொல்கிற வரிசையில் போடுங்கள்; வயலின் 14 பாயின்ட், கடம் 9 பாயின்ட் என்று போட்டால் அடுத்த கச்சேரியில் உங்களுக்கே சங்கடம். மார்கழிக்கு வரும் ஆல்பம் என்றால் விளம்பரம் சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். பக்திப் பாட்டிலும் இந்தக் காலக் கணக்கு முக்கியம்: ஐயப்பன் பாட்டு கார்த்திகை முதல் தேதி மாலை போடுவதற்கு முன்பு, அம்மன் பாட்டு ஆடி பிறப்பதற்கு முன்பு.

இனி தமிழ் எழுத்து. ஆங்கில விளம்பரங்களைப் பார்த்து அப்படியே செய்யும்போது இங்கேதான் எல்லாம் சொதப்பும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்பி வைப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கும். தமிழில் அதையே செய்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போய் நிற்கும். எழுத்து இடைவெளியைத் தொடாதீர்கள். ஃபான்டை அகலமாக இழுப்பதும் வேண்டாம், இடம் நிரம்பவில்லையென்றால் இடம் காலியாகவே இருக்கட்டும். வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகர விசிறியும் மோதிக்கொள்ளும். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் கொ, கோ எல்லாம் உடைந்து வந்தால் ஃபான்டைத் திட்டாதீர்கள், பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். வேலை முடிந்ததும் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றி அனுப்புங்கள், முக்கியமாக பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட் பயன்படுத்தியிருந்தால். இல்லாவிட்டால் அச்சகத்துக் கணினியில் உங்கள் ஆல்பத்தின் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும் வாய்ப்பு இருக்கிறது. அவுட்லைன் ஆக்காத ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், திருத்தம் வரும்.

காகிதம் என்ன என்று விளம்பரப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பரா, நியூஸ்பிரிண்ட் ரகமா என்பதைப் பொறுத்து டிசைனே மாறும். சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் விழுக்காட்டையும் கூட்டினால் ஆர்ட் பேப்பர் ஏறக்குறைய 300 வரை தாங்கும், நியூஸ்பிரிண்ட் 240-ஐத் தாண்டினால் மை ஊறி, பின்பக்கம் தெரிந்து, படம் சேறாகிவிடும். இரவில் எடுத்த, நீலமும் கறுப்புமான அட்டைப்படம் போனில் அட்டகாசமாக இருக்கும், மலிவுக் காகிதத்தில் ஒரு கறுப்புக் கட்டியாக வரும். மேடை விளக்கின் ஊதாவும் நியான் இளஞ்சிவப்பும் திரையில் இருக்கிற மாதிரி அச்சில் வரவே வராது, அதனால் கடைசி நாளில் மாற்றிப் பார்த்து அதிர்ச்சி அடையாமல் முதலிலிருந்தே சிஎம்ஒய்கே-இல், அதாவது அந்த நான்கு மைகளின் நிற முறையில், வேலை செய்யுங்கள். கறுப்புப் பின்னணியில் பொடி வெள்ளை எழுத்தும் வேண்டாம், மெல்லிய கோடுகளை மை மூடிவிடும். காகிதம் மோசம் என்றால் நிறத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்: 1950, 60-களில் ப்ளூ நோட் என்ற நிறுவனத்தின் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு டிசைனர் ரீட் மைல்ஸ் செய்த அட்டைகளைத் தேடிப் பாருங்கள், பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஒரு நிறம், தடித்த எழுத்து, பல அட்டைகளில் அவ்வளவுதான் இருக்கும்.

படத்தின் அளவு பற்றி ஒரு கணக்கு. இசைச் செயலிகளுக்கு ஏற்றுவதற்கென்று 3000 பிக்சல் சதுரக் கோப்பு ஒன்று உங்களிடம் இருக்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று வைத்தால் அது 10 அங்குலம், அதாவது 25.4 செ.மீ. வரை தாங்கும், ஏ4 அகலத்துக்குத் தாராளம். ஆனால் செயலியிலிருந்து சேமித்த 640 பிக்சல் படம் 5.4 செ.மீ.க்கு மேல் தாங்காது, வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டவே வேண்டாம். பக்கம் முழுக்க நிறம் ஓடுகிறது என்றால் நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போய்விடுகிற கூடுதல் ஓரம்) சேர்த்து ஏ4-க்கு 216-க்கு 303 ஆக்குங்கள், எழுத்தை ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள், பைண்டிங் பக்கம் இன்னும் கொஞ்சம் கூட. நம் வார இதழ்கள் பல ஏ4-ஐவிடச் சின்னவை, அவர்கள் தரும் அளவுதான் அளவு.

கியூஆர் கோடு வைத்தே ஆக வேண்டுமா? ஆமாம். காரணம் வசதி மட்டும் இல்லை. செயலியில் உங்கள் பெயர் ரோமன் எழுத்தில் இருக்கும், விளம்பரத்தில் தமிழில் இருக்கும், வாசகர் தன் இஷ்டத்துக்கு எழுத்துக்கூட்டித் தேடினால் வேறு யாரோ பாடுவார்கள். 2 செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளைமேல் கறுப்பாக, சுற்றி வெற்றிடம் விட்டு வையுங்கள். நடுவில் லோகோ, நிறம் மாற்றுவது, இதெல்லாம் வேண்டாம். இணைப்பு நீளமாக இருந்தால் கட்டங்கள் பொடியாகும், அதனால் சுருக்கிய முகவரி, அதுவும் பின்னால் மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. அது ஒரே செயலிக்குப் போகாமல் எல்லாச் செயலிகளும் இருக்கிற பக்கத்துக்குப் போகட்டும், அப்போது லோகோ வரிசையே தேவைப்படாது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ரோமன் எழுத்துப் பெயரையும் கோடுக்குக் கீழே சின்னதாகப் போட்டுவிடுங்கள்.

தேதி விஷயம். 2015 ஜூலை 10-இலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளிவருவது வழக்கம். வார இதழ் அட்டையில் போட்டிருக்கிற தேதிக்கு முன்பே கடைக்கு வந்துவிடும், மாத இதழுக்கு விளம்பரக் கோப்பை முன்கூட்டியே வெகு சீக்கிரம் கேட்பார்கள். வெளியீடு தள்ளிப்போகும் என்று துளி சந்தேகம் இருந்தாலும் தேதியை அச்சடிக்காதீர்கள். இதழ் கடைக்கு வருகிற அன்று கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாட்டோ குறைந்தபட்சம் ஒரு முன்னோட்டமோ இருக்க வேண்டும்.

விமர்சன வரிகளைப் போடுவதாக இருந்தால் எழுதியபடியே போடுங்கள். "பாட்டுகள் அருமையாக வந்திருக்க வேண்டியவை" என்பதை "பாட்டுகள் அருமை" என்று வெட்டுகிற வித்தை எல்லோருக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரியும். "நம்பர் 1" என்று போட்டால் எதில், எப்போது என்று காட்ட ஆதாரம் வேண்டும். விளம்பரங்களைக் கண்காணிக்க 1985-இலிருந்து இயங்கும் ஆஸ்கி அமைப்பிடம் யாராவது புகார் கொடுத்தால் கேட்பார்கள்.

முழுப் பக்கம் ஒரு தடவையா, கால் பக்கம் நாலு இதழா? புதியவர் என்றால் நான் கால் பக்கத்தைத்தான் சொல்வேன். ஒரே படம், ஒரே பெயர், நாலு தடவை. கால் பக்கத்தில் படம், பெயர், என்ன இசை என்று சொல்கிற அந்த ஒரு வரி, கியூஆர் கோடு, இவை நான்கு போதும். முடிந்தால் வலது பக்கத்தில், இசை தொடர்பான கட்டுரைக்குப் பக்கத்தில் இடம் கேளுங்கள், கேட்டால் சில சமயம் கூடுதல் பணம் இல்லாமலே கிடைக்கும்.

அனுப்புவதற்கு முன் அசல் அளவில் அச்செடுத்து, அதே பத்திரிகையின் பழைய இதழுக்குள் செருகி, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் புரட்டச் சொல்லுங்கள். அப்புறம் அட்டைப்படத்தைப் போனில் விரல்நகம் அளவுக்குச் சுருக்கிக் காட்டி, இதைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கியூஆர் கோடையும் அந்தத் தாளிலிருந்தே போனில் சோதியுங்கள், திரையிலிருந்து அல்ல. எல்லாம் சரியென்றால் பிடிஎஃப் அனுப்பி, ப்ரூஃப் (அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் பிரதி) கேட்டு வாங்கி, பெயர்களின் ஒற்றுப்பிழையை இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதழ் வந்ததும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். அச்சில் நிறம் கறுத்திருந்தால் அடுத்த இதழின் கோப்பைக் கொஞ்சம் வெளுத்து அனுப்ப அப்போதுதான் நேரம் இருக்கும்.