கறுப்பே கைகொடுக்கும் மேட்: ஹெல்ப்மேட் புதிர் விடுவிப்பதும் போடுவதும்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் செஸ் கிளாஸுக்குப் போகிற பிள்ளைகள் 'வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட்' (ராஜா தப்பவே முடியாத செக்) என்ற கணக்கை நூற்றுக்கணக்கில் போட்டிருப்பார்கள். ஹெல்ப்மேட்டை முதன்முறை பார்க்கும்போது தடுமாறுவதற்கு அந்தப் பழக்கமே காரணம். கை தானாகக் கறுப்பைக் காப்பாற்றப் போகும். இங்கே கறுப்பும் வெள்ளையும் ஒரே கட்சி. இருவரும் சேர்ந்து கறுப்பு ராஜாவுக்கு மேட் வைக்க வேண்டும்.

விதி கொஞ்சம்தான். முதல் நகர்த்தல் கறுப்புடையது. 'ஹெல்ப்மேட் 2' என்றால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, அந்தக் கடைசி நகர்த்தலில் மேட். மற்றதெல்லாம் சாதாரண செஸ் விதி: செக்கில் இருக்கும் ராஜாவை அப்படியே விட முடியாது, செக்குக்குள் போகவும் முடியாது. 1854-இல் ஜெர்மன் செஸ் ஆட்டக்காரர் மாக்ஸ் லாங்கே இந்த வகையைத் தொடங்கியபோது வெள்ளைதான் முதலில் ஆடியது. 1860-இல் அமெரிக்கப் புதிர் ஆசிரியர் சாம் லாய்ட் கறுப்பை முதலில் ஆடவைத்தார். இன்று வரை அதுவே வழக்கம்.

ஒரு புதிரைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். நான்கே காய்கள். (வெள்ளைப் பக்கமிருந்து பார்த்தால் நெடுவரிசைகள் இடமிருந்து ஏ, பி, சி என்றும், கிடைவரிசைகள் கீழிருந்து 1, 2, 3 என்றும் போகும்.) கறுப்பு ராஜா பி1, கறுப்பு குதிரை ஏ3. வெள்ளை ராஜா பி4, வெள்ளை குதிரை ஈ1. ஹெல்ப்மேட் 2.

விடுவிக்கும்போது நகர்த்தல்களில் தொடங்காதீர்கள். மேட் எப்படி இருக்கும் என்ற படத்தில் தொடங்குங்கள். வெள்ளைக்கு இரண்டே நகர்த்தல், செக் கொடுக்கக் குதிரை ஒன்றுதான் இருக்கிறது. ஒற்றைக் குதிரையும் ராஜாவும் நடுப்பலகையில் யாரையும் மடக்க முடியாது, மூலை வேண்டும். பக்கத்தில் இருக்கும் மூலை ஏ1. அங்கே கறுப்பு ராஜா போனால் தப்ப மூன்று கட்டம்: ஏ2, பி2, பி1. வெள்ளை ராஜா பி3-க்கு வந்தால் ஏ2-வும் பி2-வும் அடைபடும். மிச்சம் பி1. அதை வெள்ளையால் அடைக்க முடியாது, கறுப்பு குதிரையே அங்கே வந்து உட்கார வேண்டும். வேலூர்க் கோட்டை அகழி வெளியே இருப்பவனை உள்ளே விடாது, உள்ளே இருப்பவனையும் வெளியே விடாது. அது போல ராஜாவின் சொந்தக் காயே அவன் வழியை மறிப்பதுதான் ஹெல்ப்மேட்டின் உயிர்.

இனி வரிசை. ராஜா பி1-இல் நிற்கும்வரை குதிரை அங்கே வர முடியாது. ஆகவே (ஒவ்வோர் எண்ணிலும் முதலில் கறுப்பு, அடுத்து வெள்ளை): 1. ராஜா ஏ1, ராஜா பி3. 2. குதிரை பி1, குதிரை சி2 மேட். பி1-இல் இருக்கும் குதிரைக்கு ஏ3, சி3, டி2 மட்டுமே எட்டும், சி2-ஐ வெட்ட முடியாது. எந்த ஹெல்ப்மேட்டிலும் இந்தக் கடைசிச் சோதனையை விடாதீர்கள். மேட் வைத்த காயைக் கறுப்பு வெட்ட முடியுமா, இடையில் காய் வைத்து மறைக்க முடியுமா என்று பார்க்காமல் விடை எழுதியவர்கள்தான் அதிகம் மதிப்பெண் இழக்கிறார்கள். உலகப் புதிர் விடுவிப்புப் போட்டியில் ஹெல்ப்மேட் சுற்றுக்கு மூன்று புதிர்கள், 50 நிமிடம். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை இறங்குவதற்குள் அப்படி ஒரு சுற்றை மடக்குப் பலகையில் போட்டுப் பழகலாம்.

படம் கிடைத்தும் வரிசை வரவில்லையென்றால், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மேலே உள்ள கறுப்பு குதிரையை ஏ3-க்குப் பதில் டி2-இல் வையுங்கள். அங்கிருந்தும் பி1 ஒரே தாவல்தான். ஆனால் புதிருக்கு விடையே இல்லாமல் போகும். டி2 குதிரை பி3-ஐத் தாக்குகிறது, அது நகரும்வரை வெள்ளை ராஜா பி3-க்கு வர முடியாது. குதிரையோ கடைசியில்தான் நகர முடியும். ஒரு கட்டம் மாறினால் புதிர் செத்துப்போகும்.

புதிர் போடுவதும் அதே வழிதான், பின்னாலிருந்து. முதலில் மேட் நிலையைப் பலகையில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு காயாகப் பின்னோக்கி எடுங்கள். இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மேட் நிலையிலிருந்து வெள்ளை ராஜாவைத் தொடாமல், குதிரையை மட்டும் இரண்டு தாவல் பின்னால் கொண்டுபோகிறீர்கள் என்று வையுங்கள். வெள்ளை ராஜா பி3, வெள்ளை குதிரை ஜி2, கறுப்பு ராஜா பி1, கறுப்பு குதிரை ஏ3. விடை கிடைக்கும். ஆனால் குதிரை ஜி2-விலிருந்து ஈ1 வழியாகவும் சி2 வரலாம், ஈ3 வழியாகவும் வரலாம். இரண்டு வழி இருந்தால் புதிர் உடைந்தது. இதைக் 'குக்' என்பார்கள். சரிசெய்ய, அலைச்சலைக் குதிரையிடமிருந்து ராஜாவுக்கு மாற்றினோம்: ராஜா பி4, குதிரை ஈ1. ராஜாவுக்குப் பி3-க்கு ஒரே தாவல், குதிரைக்குச் சி2-க்கு ஒரே தாவல், ராஜா வந்த பிறகே குதிரை செக் சொல்ல முடியும். வழி ஒன்றே ஒன்று.

இந்த நான்கு காய்ப் புதிரைக் கையாலேயே சோதிக்கலாம். குதிரைக்கு எதிராகக் குதிரை என்றால் மேட் மூலையில் மட்டுமே வரும், பார்க்க வேண்டிய நிலைகள் கொஞ்சம்தான். ராணியோ யானையோ சேர்ந்தால் கண்ணை நம்பாதீர்கள். 'பாப்பாய்' என்ற இலவச மென்பொருளில் நிலையைக் கொடுங்கள், எல்லா விடைகளையும் பட்டியலிடும். நீங்கள் நினைத்ததைவிட ஒரு வரி அதிகமாக வந்தாலும் திரும்பப் பலகைக்குப் போக வேண்டும். அந்த வரியை அடைக்க ஒரு சிப்பாயைச் செருகத் தோன்றும். முதலில் இருக்கும் காய்களில் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்திப் பாருங்கள், அடைப்பதற்காக மட்டும் நிற்கும் காய் புதிரின் எடையைக் கூட்டும். ஏழு காய்க்குள் அடங்கினால் அது 'மினியேச்சர்', தொடங்குபவருக்கு அந்த எல்லை நல்லது.

கை பழகிய பிறகு இரண்டு விடை உள்ள புதிருக்குப் போங்கள். இரண்டும் நீங்களே திட்டமிட்டவையாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று பேச வேண்டும். முதல் விடையில் யானை நேர்கோட்டில் செய்த வேலையை இரண்டாவதில் பிஷப் மூலைவிட்டத்தில் செய்வது மிக அழகான பொருத்தம். கண்ணாடியில் திருப்பிய அதே மேட்டை இரண்டாவது விடை என்று எண்ணாதீர்கள். ஒரு விடையில் வந்த நகர்த்தல் மற்றதில் திரும்ப வருவதும் குறைதான்.

புதிரில் கோட்டை கட்டுவது (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) அனுமதி, அந்த ராஜாவோ யானையோ முன்பே நகர்ந்தாகிவிட்டது என்று நிரூபிக்க முடியாதவரை. என்பசான் (இரட்டைத் தாவல் செய்த சிப்பாயை அடுத்த நகர்த்தலிலேயே எதிரிச் சிப்பாய் வெட்டுவது) நேர்மாறு: முந்தைய நகர்த்தல் சிப்பாயின் இரட்டைத் தாவல்தான் என்று நிரூபித்தால் மட்டுமே.

புதிரை யாரிடமாவது கொடுக்கும்போது பலகைப் படத்துக்குக் கீழே காய் எண்ணிக்கையை எழுதுங்கள், வெள்ளை முதலில்: 2+2. படியெடுத்தவர் ஒரு சிப்பாயை விட்டிருந்தால் அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.