பெட்டியில் கிடந்த டிவிஎஸ் 50

கும்பகோணத்தில் அப்பா வெற்றிலைக் கட்டு ஏற்றிப்போன டிவிஎஸ் 50, பிரித்துப் போட்டபடி இரண்டு மரப்பெட்டியில் கிடந்தது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த மாடல். பூட்டி முடிக்கவே மூன்று வாரம். மிதித்தால் உயிர் இல்லை. பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து மிதித்தேன், பொறியே காணோம். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் போய்விட்டதென்று புதிது வாங்கியது தண்டச் செலவு. அப்புறம் இன்ஜினோடு சுழலும் மேக்னெட் சக்கரத்தின் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் முகத்தில் சாம்பல் நிறப் படலம். ஐப்பசி அடைமழை ஈரம் செய்த வேலை! நைஸ் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்து, இடைவெளியை 0.4 மி.மீ. வைத்தேன். பளிச்சென்று நீலப் பொறி. இந்த வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்கணும்; கொஞ்சம் தாராளமாகவே கலந்துவிட்டேன் போல, வீடெல்லாம் புகை. "கொல்லையில போய் வச்சுக்கடா" என்றார் அம்மா. செயின் கவர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.