விஎஸ் கோடில் கமென்ட் நிறத்தை மாற்றுவது எப்படி?

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடின் கறுப்புப் பின்னணித் தீம்கள் பலவற்றில் கமென்ட் (நிரலுக்கு நடுவே மனிதர்களுக்காக எழுதும் குறிப்பு) மங்கிய சாம்பல் நிறத்தில் கிடக்கும். அடுத்தவர் படிக்கத்தானே கமென்ட் எழுதுகிறோம், அது கண்ணில் பட வேண்டாமா? இதற்காகத் தீமையே மாற்ற வேண்டியதில்லை, எக்ஸ்டென்ஷனும் வேண்டாம்.

செட்டிங்ஸில் 'டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்' என்று தேடுங்கள். இரண்டு வரும். 'செமான்டிக்' என்று தொடங்காததை எடுத்து, ஜேசன் கோப்பில் திருத்தும் லிங்க்கை அழுத்துங்கள். அடைப்புக்குள் இரட்டை மேற்கோள் போட்டால் கமென்ட்ஸ், ஸ்ட்ரிங்ஸ், கீவேர்ட்ஸ் என்று பட்டியல் விழும். கமென்ட்ஸை எடுத்து எதிரே நிறத்தின் ஹெக்ஸ் எண்ணை (# குறியில் தொடங்கும் நிறக் குறியீடு) கொடுங்கள். எண்ணின் மேல் மவுஸை வைத்தால் நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரும்.

தமிழில் கமென்ட் எழுதுபவர்கள் சாய்வெழுத்தையும் நீக்கிவிடுங்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தனி இட்டாலிக் கிடையாது. நேர் எழுத்தையே வலுக்கட்டாயமாகச் சாய்ப்பதால் கொம்பும் புள்ளியும் பார்க்கச் சகிக்காது. நிற எண்ணுக்குப் பதில் ஒரு நெளிவு அடைப்பு போட்டு, ஃபோர்கிரவுண்டில் நிறத்தையும் ஃபான்ட்ஸ்டைலில் வெறும் மேற்கோளையும் கொடுத்தால் போதும்.

சரி, ஒரு சொல்லின் நிறம் மட்டும் மாற மறுத்தால்? விஎஸ் கோட் இரண்டு முறை வண்ணம் பூசுகிறது. முதலில் டெக்ஸ்ட்மேட் இலக்கணம் என்ற விதித்தொகுப்பு எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்துப் பூசும். பிறகு அந்தந்த நிரல்மொழிக்கான பின்னணி மென்பொருளான லாங்குவேஜ் சர்வர் நிரலைப் புரிந்துகொண்டு அதன் மேல் பூசும். 'செமான்டிக்' எனப்படும் இந்த மேல்பூச்சுதான் வெல்லும். எது பூசியது என்று அறிய, கர்சரை அந்தச் சொல்லில் வைத்து, கட்டளைகளைத் தேடும் கமாண்ட் பேலட்டில் 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்' கொடுங்கள். வரும் பெட்டியில் செமான்டிக் டோக்கன் டைப் என்ற வரி இருந்தால், செட்டிங்ஸில் முன்பு விட்டுவந்த அந்த இன்னொன்றில், 'ரூல்ஸ்' என்பதற்குள் எழுத வேண்டும். இல்லையென்றால், முதலில் எடுத்த செட்டிங்கில் 'டெக்ஸ்ட்மேட்ரூல்ஸ்' என்பதற்குள். அதே பெட்டியில் உள்ள ஸ்கோப் (இலக்கணம் அந்தச் சொல்லுக்குத் தரும் வகைப்பெயர்) பட்டியலில் மேலே இருப்பதை எடுத்து, கடைசியில் ஒட்டியிருக்கும் மொழிப்பெயரை வெட்டிவிடுங்கள். அப்போது மற்ற மொழிகளுக்கும் அதே விதி பொருந்தும்.

செமான்டிக் பூச்சையே அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபங்ஷனுக்குள் ஒரு பெயர் பாராமீட்டரா, சாதாரண வேரியபிளா என்று பிரித்துக் காட்டுவது அதுதான்.

பின்சேர்க்கை: பைத்தானில் மூன்று மேற்கோளுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங் மாறவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இலக்கணத்தின் கணக்கில் அது ஸ்ட்ரிங், கமென்ட் அல்ல. இன்ஸ்பெக்ட் பெட்டியில் தெரியும் டாக்ஸ்ட்ரிங் ஸ்கோப்புக்குத் தனி விதி எழுதுங்கள். அப்புறம், வெள்ளைத் தீமுக்கு மாறும்போது இதே நிறம் கூடவே வந்து உறுத்தினால், தீமின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, விதிகளை அதற்குள் நகர்த்திவிடுங்கள்.