சின்ன ஹாலில் ஒரு ஸ்டூடியோ

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஹாலிலேயே அக்கா மகளின் சடங்குப் படங்களை எடுக்க வேண்டியிருந்தது. கேமரா மேல் மாட்டிய ஃபிளாஷில் நெற்றிச்சுட்டி கண்ணைக் கூசியது, பின்சுவரில் கறுப்பு நிழல் வேறு.

ஸ்டூடியோ செட் விலைக்கு நம் பர்ஸ் தாங்காது. அதே ஃபிளாஷைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினேன். கூடவே கம்பியில்லாமல் ஃபிளாஷை இயக்கும் ரேடியோ டிரிகர், ஃபிளாஷுக்கு முன்னால் ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடை. குடையை முகத்துக்குக் கிட்டே, சற்று மேலே வைத்ததும் நிழல் மென்மையானது. தூரம் பாதியானால் வெளிச்சம் 4 மடங்கு. அதனால் ஃபிளாஷ் பவரை முழு அளவில் 1/16க்கு இறக்க முடிந்தது, பேட்டரியும் தாங்கியது. பிள்ளையைச் சுவரைவிட்டு நன்றாக முன்னால் நிறுத்தியதும் பின்நிழலும் போச்சு. இருண்ட கன்னத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைப் போலிஸ்டிரீன் பலகை ஒன்று போதும். அப்புறம், மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்தில் தோல் நிறம் கெடும். மலிவான எல்இடி பேனலா? வீடியோவுக்குச் சரி.