பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் மாலை வகுப்பா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

உசிலம்பட்டி, பேரையூர், கொட்டாம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடம் இல்லாத சின்ன ஊர்களில் மாலை வகுப்பு நடத்த இளைஞர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல மனசோடுதான் தொடங்குகிறார்கள், ஆனால் பல இடங்களில் பொங்கல் வருவதற்குள் பாய் சுருட்டி வைத்தாகிவிடுகிறது.

பெரிய தவறு, இடம் தேர்ந்தெடுப்பதில். கோயில் மண்டபம் சும்மாதானே கிடக்கிறது, ஃபேன் இருக்கிறது, லைட் இருக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும், முக்கியமாகத் தலித் பிள்ளைகள், அந்த மண்டபத்துக்குள் கூச்சமில்லாமல் வந்து உட்கார முடியுமா என்று யாரும் யோசிப்பதில்லை. வராதே என்று வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகளும் காரணம் சொல்ல மாட்டார்கள், "அம்மா விடல சார்" என்பதோடு சரி. அப்புறம் நாமே, அவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இதைவிட அநியாயம் வேறில்லை. ஊராட்சிக் கட்டடம், அங்கன்வாடி, நூலகம் என்று பொது இடத்தை முறையாக எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். சொல்லிக் கொடுப்பவர்களும் ஒரே தெருக்காரர்களாக இருக்க வேண்டாம். இருட்டிய பிறகு அந்த வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் பொம்பளப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், அதில் அவர்கள்மேல் தப்பே இல்லை.

அடுத்தது, வகுப்புவாரியாகப் பிரித்து உட்கார வைப்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பலகையில் இருப்பதை முத்து முத்தாக நோட்டில் எழுதியிருக்கும், அதே வரியை விரல் வைத்து வாசிக்கச் சொன்னால் "கம்மாய்" என்ற ஒரு சொல்லிலேயே நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தை எத்தனை தரம் நடத்தி என்ன பயன்? முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த நிலையை வைத்துக் குழு பிரியுங்கள்.

மாலை வகுப்பு இருக்கிறதே என்று பள்ளிக்கூடத்தை மறந்துவிடுவதும் நடக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். அப்படி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வாகனமோ வழித்துணையோ கேட்க இடமுண்டு. மே 1, ஆகஸ்ட் 15 என்று கிராம சபை கூடும் நாளில் இதைத் தீர்மானமாகப் போட வைத்து, நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுங்கள். வாயால் சொன்ன கோரிக்கை அந்தக் கூட்டத்தோடு போய்விடும்.

காலையில் வகுப்பு வைக்கவே வேண்டாம். 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, அந்தச் சாப்பாடு பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே போடுவது. தூரத்து ஊர்ப் பிள்ளையை நாம் அரை மணி நேரம் பிடித்து வைத்தால் அது பட்டினியாக உட்கார்ந்திருக்கும்.

சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்குச் சேவை என்று சொல்லிச் சும்மா நன்றி மட்டும் கொடுக்காதீர்கள். 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியிலேயே தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்தார்கள். ஊரில் வசூலித்தாவது ஒரு தொகை கொடுங்கள், கூடவே இன்னொருவரையும் பழக்கி வையுங்கள், ஒருவர் வேலைக்கோ கல்யாணமாகியோ போனால் வகுப்பு நிற்கக் கூடாது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் தேசிய வருவாய் வழி திறன் தேர்வைக் கோட்டை விடாதீர்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். வருமானச் சான்றிதழைக் கடைசி நேரத்தில் ஓடி வாங்க முடியாது, ஆடி மாதமே பெற்றோரை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.