போர்வெல் மாதிரி எடுக்கும்முன் மீட்டரைக் கவனியுங்கள்

நிலத்தடி நீர் மாதிரி எடுக்கக் கிளம்பும் நாளில் நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். மீட்டரைக் காலையிலேயே சரிபார்த்துவிடுங்கள். முதலில் 7 பஃபர் (பி.எச். 7 என்று தெரிந்த கரைசல்), அடுத்து 4 அல்லது 10; நீங்கள் எதிர்பார்க்கும் அளவு இரண்டுக்கும் நடுவே விழ வேண்டும். இதில் 10 பஃபர்தான் வம்பு பிடித்தது. திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அதன் பி.எச். இறங்கிவிடும். ஊற்றியதைத் திரும்பப் பாட்டிலில் சேர்க்காதீர்கள், காசு போனாலும் பரவாயில்லை.

ஸ்லோப், அதாவது எலக்ட்ரோடு எவ்வளவு சரியாக உணர்கிறது என்று மீட்டர் காட்டும் அளவு, 95 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நீரில் முக்கும் அந்த எலக்ட்ரோடைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அதைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடும் பழக்கம் பலருக்கு உண்டு, சீக்கிரம் கெட்டுப்போகும். மூடிக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் கொஞ்சம் விட்டு வையுங்கள். முனையைத் தேய்க்க வேண்டாம், டிஷ்யூவால் ஒற்றினால் போதும்.

நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் ஈ.சி. மீட்டரைச் சரிபார்க்க, 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமன்ஸ் காட்டும் கரைசல். ஒரே குவளையில் பி.எச்., ஈ.சி. இரண்டையும் அளப்பதானால் ஈ.சி.யை முதலில் பாருங்கள், பி.எச். எலக்ட்ரோடிலிருந்து கசியும் உப்பு ஈ.சி.யை ஏற்றிக் காட்டும். மாலையில் மூட்டை கட்டும்முன் 7 பஃபரில் ஒருமுறை முக்கி, வந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.